அரசியின் செருப்பும் கணக்கப்பிள்ளையின் காலும்

பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கல் அரசியின் செருப்புச் செலவுக்குப் பணம் கட்டியவர்கள் புன்னைக்காயல், மணப்பாடு, தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த பரதவர்கள். ஆண்டுக்கு 4,000 பொற்பணம். அரசியின் பெயர் கதரீனா. மூன்றாம் ஜோவாம் மன்னரின் மனைவி, பேரரசர் ஐந்தாம் சார்லசின் தங்கை. லிஸ்பனில் சீமாட்டிகள் அணிந்த ‘சப்பீன்’ என்ற செருப்பு, தக்கையை அடுக்கி உயர்த்திச் செய்தது. அதைப் போட்டுக்கொண்டு தலை நிமிர்ந்து நிற்கலாம், அரண்மனைக் கூடத்தில் நாலடி வைக்கலாம். நெடுந்தூரம் நடக்க அது உதவாது. அந்தச் செருப்புக்கான வரியைத்தான் தாமிரபரணி முகத்துவாரத்தில் வெறுங்காலோடு தோணி தள்ளியவர்கள் கொடுத்துவந்தார்கள்.

இந்தப் பணம் சில ஆண்டுகளில் வேறு கால்களுக்குப் போயிற்று. 1543இல் கோவாவுக்குத் திரும்பியிருந்த பிரான்சிஸ் சவேரியார், செருப்புப் பணத்தை இந்தக் கரைக்கே செலவிட வேண்டும் என்று கேட்டார். ஆளுநர் மார்த்தீம் அபோன்சோ தெ சோசா இசைந்தார். மந்திரம் சொல்லித்தர ஊர் ஊராக அமர்த்தப்பட்டிருந்த கணக்கப்பிள்ளைகளுக்கு அது சம்பளமாயிற்று. மோட்சத்துக்கு ஏறிப் போவதற்கு முத்துக்குளித்துறைக் குழந்தைகளைவிட நல்ல செருப்பு அரசிக்குக் கிடைக்காது என்று சவேரியார் எழுதியதாக அவருடைய பழைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. வேடிக்கையாகச் சொன்னதுபோல் இருந்தாலும் அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு வேலைத்திட்டம் இருந்தது. கரை நெடுகப் பிரிந்து கிடந்த ஊர்களுக்கு வேதத்தைக் கொண்டுபோக யாராவது நடந்தாக வேண்டும்; நடப்பவருக்குக் கூலி வேண்டும்.

கிறிஸ்தவ வாழ்வை நடையாகச் சொல்வது விவிலியத்திலேயே இருக்கிற வழக்கம். ஏனோக்கும் நோவாவும் கடவுளோடு நடந்தவர்கள். ஆபிரகாம் எங்கே போகிறோம் என்று தெரியாமல் புறப்பட்டவர். பவுலின் கடிதங்களில் ஒளியில் நடப்பதும் ஆவியில் நடப்பதும் திரும்பத் திரும்ப வருகின்றன. உலகமெங்கும் இந்த உருவகம் பிரசங்கத்தின் வழியாக மக்களிடம் போய்ச் சேர்ந்தது. புன்னைக்காயல் கரையில் வரிசை மாறியது. இங்கே முதலில் வந்தவை கால்கள். அவை வந்தது நடப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களிடம்கூட இல்லை. துடுப்பையும் பாயையும் நம்பி வாழ்ந்த கடல் மக்களிடம்.

புன்னைக்காயல் தாமிரபரணி கடலில் விழும் இடத்தில் இருக்கிறது. ஆறு ஆண்டாண்டாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போக, துறைமுகமும் அதன் பின்னால் இடம் மாறிக்கொண்டே வந்தது. சங்க காலத்தில் கொற்கை. பாண்டியர் காலத்தில், மார்க்கோ போலோ குதிரையும் முத்தும் விலைபோவதைக் குறித்துவைத்த காயல். அதன்பின் புன்னைக்காயல். வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு என்று பரதவர்கள் ‘ஏழு கடற்றுறை’யை வரிசையாகச் சொல்வார்கள். ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்குத் தோணியில் போவதே இயல்பு. கரைக்கு உள்ளே இருந்த நிலம் வேறு ஆட்களுடையது. அங்கிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் வரி கேட்க வந்தவர்கள்.

இவர்கள் வேதத்துக்கு வந்த கதையும் கடல்வழிக் கதைதான். 1530களில் முத்துக்குளிப்பின் ஆதாயத்தை ஒட்டி முஸ்லிம் வணிகர்களோடு மூண்ட மோதல் வெட்டுகுத்து வரை போயிற்று. லிஸ்பன் போய் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பியிருந்த மலையாளக் குதிரை வணிகர் ஜோவாம் தா குரூஸ் ஒரு யோசனை சொன்னார். பரதவரின் ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். பதிலுக்குப் போர்ச்சுக்கீசியர் கேட்டது ஞானஸ்நானம். 1535க்கும் 1537க்கும் இடையில் ஏறத்தாழ 20,000 பேர் கிறிஸ்தவர்களானார்கள். தனி ஆள் யாரும் இரவெல்லாம் விழித்துச் சிந்தித்து எடுத்த முடிவாக அது இருக்கவில்லை. பட்டங்கட்டிகள் கூடிப் பேசி, சாதி முழுவதும் ஒப்புக்கொண்ட முடிவு. தண்ணீர் ஊற்றிய பாதிரியார்கள் கப்பலேறிப் போனார்கள். இந்த மணலில் நடந்து யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த நடை 1542 அக்டோபரில் தொடங்கியது.

அந்த ஆண்டு மே 6இல் கோவாவில் இறங்கியிருந்த சவேரியார், மழைக்காலம் முடிந்ததும் இந்தக் கரைக்கு வந்தார். கூட வந்தவர்கள் மூவர். கோவா குருமடத்தில் படித்துக்கொண்டிருந்த, இந்தக் கரையையே சொந்த ஊராகக் கொண்ட இளைஞர்கள். குமரி முனைப் பக்கத்திலிருந்து வடக்கே ஊர் ஊராக வந்து தூத்துக்குடி சேர்ந்து, அங்கிருந்து அக்டோபர் 28 அன்று இக்னேஷியஸ் லொயோலாவுக்குக் கடிதம் எழுதினார். வழியில் கண்ட கிறிஸ்தவர்களிடம் என்ன விசுவசிக்கிறீர்கள் என்று கேட்டால், நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை என்கிறது கடிதம். நிலம் வறண்டு கிடப்பதால் போர்ச்சுக்கீசியர் இங்கே குடியிருப்பதில்லை, பூசை வைக்கப் பாதிரியார் இல்லை என்றும் காரணம் சொல்கிறார். பிள்ளைகள் மட்டும் அவரைச் சாப்பிடவிடவில்லை, தூங்கவிடவில்லை; மந்திரம் சொல்லித் தா என்று சூழ்ந்துகொண்டார்கள்.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் ஓரளவு அறிந்த ஆட்களைக் கூட்டி உட்காரவைத்து, விசுவாச மந்திரம், பத்துக் கற்பனை, கர்த்தர் கற்பித்த செபம், பாவசங்கீர்த்தனச் செபம் ஆகியவற்றைப் பல நாள் பாடுபட்டுத் தமிழாக்கினார்; பிறகு தானே மனப்பாடம் செய்தார். கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். மணிச்சத்தம் கேட்டுப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். நாளுக்கு இரண்டு முறை இப்படிக் கூட்டம். பிள்ளைகள் கற்றதை வீட்டில் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்ல வேண்டும். நோயாளிகளைப் பார்க்க அழைப்பு குவிந்தபோது தன் செபமாலையைப் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பினார். ஒருவர் இரண்டு கால்களால் போக முடியாத வீடுகளுக்குப் பிள்ளைகளின் கால்கள் போயின.

ஓர் ஊரில் வேலை ஓரளவு முடிந்ததும் மந்திரங்களின் படி ஒன்றை அங்கே விட்டுவிட்டு, எழுதத் தெரிந்தவர்கள் படியெடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். ஞாயிறுதோறும் கூடிச் சொல்வதற்குப் பொறுப்பாக ஓர் ஆளை வைத்தார். 1544 ஜனவரி 15 அன்று கொச்சியிலிருந்து ரோமுக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது, மந்திரம் சொல்லிச் சொல்லிக் குரல் கம்மிப்போகிறது என்று அவர் குறிப்பிட்டார். அந்தக் கை உலகப் புகழ் பெற்றது. 1614இல் வலது முன்கை ரோமுக்குக் கொண்டுபோகப்பட்டு ஜெசு கோயிலில் வைக்கப்பட்டது. காலுக்குக் கிடைத்த புகழ் விசித்திரமானது. அவர் உடல் கோவாவுக்கு வந்த 1554இல், பாதத்தை முத்தமிடக் குனிந்த ஒரு போர்ச்சுக்கீசியப் பெண் கால்விரலைக் கடித்து எடுத்துக்கொண்டாள் என்று சொல்லப்படுகிறது. தேய்ந்த அங்கியோடு இந்தக் கரையில் வெறுங்காலாக நடந்தவர் என்றே அவரைப் பற்றிய பழைய வரலாறுகளும் வருணிக்கின்றன.

அந்த நடையின் தினசரிக் கணக்கு 1544ஆம் ஆண்டுக் கடிதங்களில் கிடைக்கிறது. உதவிக்கு வந்த பிரான்சிஸ்கோ மான்சிலாசுக்கு அவர் எழுதிய இருபதுக்கும் மேற்பட்ட கடிதங்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றில் முதலாவது பிப்ரவரி 23 அன்று புன்னைக்காயலில் எழுதப்பட்டது. மார்ச்சில் மணப்பாடு, மே மாதம் தூத்துக்குடி, ஜூனில் வீரபாண்டியன்பட்டினம், மறுபடி மணப்பாடு என்று முகவரி மாறிக்கொண்டே போகிறது. பெரும்பாலும் சின்னச் சின்னக் கடிதங்கள். ஆன்மிக விளக்கம் அதிகமில்லை. ஓர் ஊரிலேயே தங்கிவிடாதே, எல்லா ஊருக்கும் போய்க்கொண்டே இரு. வீடு வீடாகப் போய்ப் புதிதாகப் பிறந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடு. இந்த மக்களிடம் பொறுமையாக இரு. சாராயம் குடிக்கும் பெண்களுக்கு அபராதம் போடு. பட்டங்கட்டிகளிடம் இதைச் சொல், அதைக் கேள். இயக்கம் நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்ற பதற்றம் வரிக்கு வரி தெரிகிறது.

அதே ஆண்டு ஜூனில் இன்னொரு நடை. பரதவர்களும் போர்ச்சுக்கீசியரும் வடுகர் என்று அழைத்த குதிரைப்படை குமரிமுனைப் பக்கத்து ஊர்களைச் சூறையாடியது. மக்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறி ஒளிந்தார்கள். உணவும் தண்ணீரும் இல்லாமல் சிலர் அங்கேயே மடிந்தார்கள். மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் தண்ணீரும் அரிசியும் ஏற்றிக்கொண்டு சவேரியார் புறப்பட்டார். எதிர்காற்று பல நாள் தடுத்தது, குமரி எட்டவில்லை. கடல் மக்களின் தோணியே தோற்ற இடத்தில் அவர் கரையேறி நடந்தார். ஆகஸ்ட் 1ஆம் தேதிக் கடிதத்தில் தான் வழியில் பார்த்ததை எழுதுகிறார்: தின்ன ஒன்றும் இல்லாமல் வருகிறவர்கள், நடக்க முடியாத கிழவர்கள், பாதையிலேயே செத்தவர்கள், பாதையிலேயே பிள்ளை பெற்ற பெண்கள். வேதத்தில் வருகிற யாத்திராகமம் எல்லாரும் கேட்ட கதை. இங்கே அது கண்முன் நடந்தது, செங்கடல் பிளக்காமல்.

இந்தக் காட்சிக்குப் பிறகு, ஊர்களுக்கிடையே நடப்பது என்பதற்கு இந்தக் கரையில் வேறொரு பொருள் வந்துவிட்டது. தோணி பிழைப்புக்கு, கால் துன்பத்துக்கும் வேதத்துக்கும்.

சவேரியார் மொத்தத்தில் இந்தக் கரையில் இருந்தது இரண்டரை ஆண்டுகூட இல்லை, அதிலும் கொச்சிக்கும் கோவாவுக்கும் போய்வந்த காலம் உண்டு. 1544 இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரு மாதத்துக்குள் பத்தாயிரம் முக்குவ மீனவர்களுக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு மயிலாப்பூர் வழியாக மலாக்காவுக்குப் போய்விட்டார். அவர் போன பிறகு பாதையைத் தேயவிடாமல் காத்தவர்கள் கணக்கப்பிள்ளைகள். விடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டுவது, மந்திரம் சொல்லித்தருவது, பிறப்பையும் திருமணத்தையும் குறித்துவைப்பது, ஆபத்திலிருக்கும் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பது, சாவு வீட்டில் செபம் சொல்வது, ஊர்ச்சண்டையைப் பாதிரியாருக்குத் தெரிவிப்பது எல்லாம் அவர்கள் வேலை. பாதிரியார் வருவது எப்போதோ. மற்ற நாளெல்லாம் கோயில் என்பது கணக்கப்பிள்ளையின் குரலும் அவர் கால் போன தெருவும்தான். அரசியின் செருப்புப் பணம் இந்தத் தெரு நடைக்குத்தான் கூலியானது. பிற்காலத்தில் உபதேசியார், கோயில்பிள்ளை என்ற பெயர்களில் தென்தமிழகம் முழுக்கக் கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார் இருவரிடமும் பரவிய பணிகளுக்கு முன்மாதிரி இவர்கள்.

1549இல் இராமேசுவரத்துக்கு அருகே வேதாளையில் வடுகப்படையின் தாக்குதலில், கரையிலிருந்த இயேசு சபைப் பாதிரியார்களின் தலைவர் அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்டார். இயேசு சபையில் வேதசாட்சியாக இறந்த முதல் ஆள் அவர். அவருக்குப் பின் கரைக்குத் தலைவரானவர் என்றிக்கே என்றீக்கஸ். தமிழ் வாசகர்கள் அண்டிரிக் அடிகளார் என்று அறிந்தவர். போர்ச்சுக்கலில் விலா விசோசா ஊரில் 1520இல் பிறந்தவர். யூத வம்சம் என்பதால் பிரான்சிஸ்கன் சபை அவரை வெளியே அனுப்பியிருந்தது. 1547இல் இந்தக் கரைக்கு வந்தவர், 1600 பிப்ரவரியில் இறக்கும்வரை ஐம்பத்துமூன்று ஆண்டு இங்கேயே இருந்தார். சவேரியார் கடந்துபோனவர், இவர் தங்கியவர். தங்கியவருக்குத்தான் தமிழ் வசப்பட்டது. மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசுவதை விட்டுவிட்டுத் தானே கற்றார். ஒரு தமிழ் இலக்கணத்தையும் எழுதினார்.

அவருடைய புன்னைக்காயல் அமைதியான ஊராக இருக்கவில்லை. போர்ச்சுக்கீசியர் இங்கே மண்கோட்டை ஒன்று கட்டியிருந்தார்கள். கரைத் தளபதி இங்கேதான் இருந்தார். நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை எழுந்தது. 1553இல் கோட்டை விழுந்தது. தளபதி மனுவேல் ரோட்ரிகஸ் கூத்தின்யோவும் அண்டிரிக் அடிகளாரும் பிடிபட்டு, பணம் கொடுத்தே மீட்கப்பட்டார்கள். 1560இல் மறுபடி தாக்குதல். பரதவர்கள் பலர் மன்னார்த் தீவுக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். பாதிரியார் ஒருவர் ஊர் ஊராகச் சுற்றினால் மட்டும் போதாது என்பதை இப்படிப்பட்ட ஆண்டுகள் காட்டின. ஆளைச் சிறைபிடிக்கலாம், ஊரையே பெயர்க்கலாம். எங்கே போனாலும் மக்கள் மடியில் வைத்துக்கொண்டு போகத்தக்க ஒன்று தேவைப்பட்டது.

அதுதான் புத்தகம். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று: 16 பக்கம், இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சேறிய முதல் நூல். அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’, 1580இல் பாவசங்கீர்த்தன நூல், 1586இல் புனிதர்களின் சரித்திரத்தைச் சொல்லும் ‘புளோஸ் சாங்க்தோரும்’. அச்சுக்கான செலவுக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் இந்தக் கரைப் பரதவர்கள். அரசியின் செருப்புக்குக் கட்டியவர்கள் இப்போது ஈய எழுத்துக்குக் கட்டினார்கள்.

இந்த நான்கு நூல்களையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. முதல் இரண்டும் சவேரியார் மணியடித்துச் சொல்லிக்கொடுத்த மந்திரங்களின் விரிவு. மூன்றாவது, போகிற வழியில் எங்கே தடுக்கி விழுந்தோம் என்று ஒருவர் தன்னைத்தானே விசாரிக்க உதவுவது. நான்காவது முன்னே போனவர்களின் வரலாறு. திருநாள் நாட்காட்டியை ஒட்டி, அறுநூறு பக்கத்துக்கு மேல் விரிவது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கணக்கப்பிள்ளை ஒரு புனிதரின் கதையை வாசிக்க, முத்துக் குளிப்பவரும் வலை பின்னுபவரும் கேட்டார்கள். தோமையார் இந்தியாவுக்கு வந்ததும், அந்தோனியார் பாலைவனத்துக்குப் போனதும், பிரான்சிஸ் அசிசியார் பிச்சை எடுத்து நடந்ததும் அவர்களுக்குத் தமிழில் கிடைத்தன. வாடிகன் நூலகத்தில் கிடந்த இந்த நூலைச் ச. இராசமாணிக்கம் அடிகள் பதிப்பிக்க, 1967இல் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் ‘அடியார் வரலாறு’ என்று வெளியிட்டது. தமிழ் உரைநடையின் தொடக்க காலத்தை ஆராய்பவர்கள் எல்லாரும் இன்று அங்கே போய்த்தான் ஆக வேண்டும்.

அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் இறந்தார். தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார். ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1658இல், தூத்துக்குடி டச்சுக்காரர் கையில் விழுந்தது. கால்வினிய டச்சுக்காரர் கத்தோலிக்கப் பாதிரியார்களை விரட்டினார்கள், கோயிலைத் தங்கள் வழிபாட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். போதகர் பிலிப்புஸ் பால்டேயுஸ் தூத்துக்குடிக்கு வந்து பிரசங்கம் செய்தார். பரதவர்கள் மசியவில்லை. தங்கள் பாதிரியார் எந்த உள்நாட்டு ஊரில் பூசை வைக்கிறாரோ அங்கே போய்வந்தார்கள். பாதிரியார் நடந்து வந்த காலம் போய், மக்கள் பாதிரியாரைத் தேடி நடக்கும் காலம் வந்தது.

இதே வழியில், இதே தடையின் நடுவில், இன்னொரு நடையாளர் வந்தார். கோவாவில் பெனாலிம் ஊரில் 1651இல் பிறந்த யோசேப் வாஸ். இலங்கையில் டச்சு ஆட்சியின் கீழ்ப் பாதிரியாரே இல்லாமல் கிடந்த கத்தோலிக்கரிடம் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். 1686இல் கோவாவிலிருந்து புறப்பட்டு, கனரா, மலபார் வழியாக வெறுங்காலோடு நடந்து தூத்துக்குடிக்கு வந்தார். கூடவே ஜான் என்ற பணியாள். தமிழ் கற்றார். அங்கியைக் களைந்து கூலியாள் வேடம் போட்டார். 1687இல் யாழ்ப்பாணம் சேர்ந்தபோது வயிற்றுப்போக்கில் விழுந்து, சாகக் கிடந்தார். தேறி எழுந்தவர் கண்டிவரை போய், 1711 ஜனவரி 16 அன்று அங்கே இறந்தார். 2015இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். சவேரியார் மணி அடித்து ஊரைக் கூட்டியவர்; வாஸ் இரவில் ஓசையில்லாமல் வீடு வீடாகப் போனவர். வேதத்துக்காக நடப்பதென்றால் ஒளிந்து நடப்பதும்தான் என்று ஆகியிருந்தது.

நடை இலக்கியமாக மாறியது பின்னால்தான். அதுவும் கடற்கரையில் இல்லை, சற்று உள்ளே தள்ளி. புன்னைக்காயலுக்கு வடமேற்கே சாயர்புரத்தில் ஆங்கிலிக்கன் மிஷன் நடத்திய கல்விக்கூடத்தில் 1853இல் ஓர் இளம் வைணவர் தமிழாசிரியராகச் சேர்ந்தார். திருநெல்வேலிக்கு அருகே கரையிருப்பில் 1827இல் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. கம்பனில் ஊறியவர். மிஷன் பள்ளியில் தொடங்கிய விவாதங்களும், தம்பி முத்தையா பிள்ளை வேதத்துக்குப் போனதும், பல ஆண்டு மனப்போராட்டமும் சேர்ந்து 1858இல் சென்னையில் ஞானஸ்நானத்தில் முடிந்தன. அவர் எழுதிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் நூலாக வந்தது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என்று ஐந்து பருவம். பாவம் தொடங்கி மோட்சம்வரை ஓர் ஆன்மா நடந்து போகும் காவியம். மூலக்கதை ஜான் பன்யனுடையது.

பன்யன் இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு பக்கத்துப் பாத்திரம் பழுதுபார்ப்பவர். அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டு சிறையிலிருந்தவர். 1678இல் வெளிவந்த அவர் கதையில், முதுகில் மூட்டையோடு ஒருவன் அழிவின் நகரத்திலிருந்து கிளம்புகிறான். மனைவியும் பிள்ளைகளும் திரும்பி வரச்சொல்லிக் கூவ, அவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். சேற்றில் விழுகிறான், மாயச் சந்தையில் மாட்டுகிறான், ஆற்றைக் கடந்து ஒளியின் நகருக்குப் போகிறான். துணைக்கு ஒருவர் இருவர் வருவார்கள், விழுவார்கள். பயணம் அவனுடையது.

கிருஷ்ணபிள்ளைக்கு இந்தக் கதை ஏன் பிடித்தது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். சொந்த வீட்டையும் வைணவ மரபையும் விட்டு வந்தவருக்கு அது தன் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்தச் சபைக்கு வந்த படித்தவர்கள் பலர் இப்படித் தனியாகக் கிளம்பியவர்கள். நாடார் ஊர்கள் கூட்டமாக வந்ததும் உண்டு. ஆனாலும் காவியம் பாடியது தனி மனிதன் நடையை. கம்பனின் இராமன் காட்டுக்குப் போன நடையைத் தமிழ் கேட்டுப் பழகியிருந்ததால், பன்யனின் பாதை இந்த மொழியில் அந்நியமாக ஒலிக்கவில்லை. பாதையோரம் தமிழ்நாட்டுச் சோலையும் வயலும் வந்துவிட்டன.

புன்னைக்காயல் பரதவரிடம் அந்தக் கதையைச் சொல்லியிருந்தால் முதல் கேள்வி மனைவி பிள்ளைகளைப் பற்றியதாகத்தான் இருந்திருக்கும். 1544இல் குமரிக்கரைப் பாதையில் ஓடியவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள். 1530களில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஊரோடு பெற்றவர்கள். பாவத்தைத் தனியாக அறிக்கையிட அண்டிரிக் அடிகளார் புத்தகம் கொடுத்தார். மோட்சத்துக்குத் தனியாகப் போவது என்ற நினைப்பு இந்தக் கரையில் வேர் பிடிக்கவில்லை. இரண்டு வகையான நடையும் முப்பது கிலோமீட்டருக்குள் அடுத்தடுத்து வாழ்ந்தன. ஒன்று காவியமாயிற்று, மற்றது திருவிழாவாயிற்று.

திருவிழாவின் உச்சம் தூத்துக்குடியில். பனிமய மாதா கோயிலில் 1806இல் சாதித்தலைவர் கபிரியேல் தெ குரூஸ் வாஸ் கோமஸ் தங்கத்தேரை ஓடவைத்தார். ஏழு கடற்றுறை மக்களும் அந்தத் தேரின் வடத்துக்கு வந்தார்கள். பார்த்தவர்கள் இந்துக் கோயில் தேரோட்டத்தோடு ஒப்பிட்டார்கள், ஒப்பிடத்தக்கதாகத்தான் செய்திருந்தார்கள். மாதா சுரூபம் மேலே அமர, சாதி முழுவதும் கீழே வடம்பிடித்து நடந்தது. வடத்தில் யார் எங்கே நிற்பது, யாருக்கு முதல் மரியாதை என்பதில் சாதித்தலைவரின் அதிகாரமும் கூடவே நடந்தது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5இல் திருநாள். தங்கத்தேர் எப்போதாவதுதான் ஓடும். 2013இல் ஓடியது, 2023இல் ஓடியது.

தவக்காலத்தில் வேறு நடை. வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் சிலுவைப்பாதை: பதினான்கு நிலைகள், ஒவ்வொன்றிலும் முழங்கால், செபம், எழுந்து அடுத்த நிலைக்கு நாலைந்து அடி. பெரிய வெள்ளி அன்று பல ஊர்களில் அது தெருவுக்கு இறங்கி ஊர் முழுவதையும் சுற்றும். எருசலேமுக்குப் போக முடியாதவர்கள் நடக்க ஐரோப்பாவில் ஏற்பட்ட பழக்கம், இங்கே வலை காயும் தெருவுக்குள் வந்துவிட்டது.

பாதயாத்திரை இன்னும் நீளமானது. கோவில்பட்டிப் பக்கம் காமநாயக்கன்பட்டி பரலோக மாதா கோயிலுக்கு ஆகஸ்ட் 15 திருநாளையொட்டி, புளியம்பட்டி அந்தோனியார் கோயிலுக்கு, டிசம்பர் தொடக்கத்தில் நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் கோயிலுக்கு, செப்டம்பர் 8க்கு முன் வேளாங்கண்ணிக்கு என்று தூத்துக்குடி மாவட்டத்துச் சாலைகளில் கூட்டம் கூட்டமாக நடப்பவர்களைப் பார்க்கலாம். வேளாங்கண்ணிக்குக் காவி உடை. அதே சாலைகளில் திருச்செந்தூர் முருகனுக்குப் பச்சை உடையோடு நடப்பவர்களும் உண்டு. விரதம், வெறுங்கால், வழியில் தண்ணீர்ப் பந்தல், இரவு தங்கப் பள்ளிக்கூடம் அல்லது கோயில் வளாகம்: பழக்கங்கள் இரண்டு தரப்புக்கும் பொது. யார் யாரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று பிரிக்க முயன்றால் பிரியாது.

புன்னைக்காயலுக்கு இன்று ஆத்தூர் வழியாகப் பேருந்து வந்துபோகிறது. வேளாங்கண்ணிக்கும் கோட்டாறுக்கும் போக வாகனத்துக்குக் குறைவில்லை. நடப்பவர்கள் நேர்ச்சைக்காக நடக்கிறார்கள்: பிள்ளை பிறந்தால், ஆபரேஷன் நல்லபடி முடிந்தால், கடலுக்குப் போன மகன் புயலிலிருந்து தப்பி வந்தால். நேர்ச்சை ஒருவருடையது, நடப்பவர்கள் பத்துப் பதினைந்து பேர். அக்காள், மதினி, பக்கத்து வீட்டுப் பையன் எல்லாம் கூட வருவார்கள். முன்னால் மாதா சுரூபம் வைத்து அலங்கரித்த வண்டி போகும். அதில் மைக்கில் செபமாலையும் பாட்டும். வெயில் ஏறுவதற்குள் ஒரு பகுதியும் சாய்ந்த பிறகு ஒரு பகுதியுமாகத் தூரத்தைக் கழிப்பார்கள். கொடிமரத்தைத் தொட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, பூசை கண்டதும் நேர்ச்சை தீர்ந்தது. திரும்பும்போது எல்லாரும் வேனில் ஏறிக்கொள்வார்கள், நடை ஒருவழிக்குத்தான்.